ஓர் ஓடைக்காக ஒரு கதை

'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடர் பார்த்த பலரிடம் டங்க், எக் கதைகளைப் பற்றிச் சொன்னால், "அதில டிராகன் இல்லையாமே" என்று தட்டிக்கழித்து விடுகிறார்கள். போன கிழமை வெள்ளவத்தையில் ஒரு தம்பியும் இதைத்தான் சொன்னார். அவரிடம் அவசரமாகச் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதியவற்றில் எனக்கு ஆகப் பிடித்தது அந்தத் தொடருக்கு மூலமான தடித்த நாவல்களில் ஒன்றும் இல்லை. 2003இல் வந்த 'த ஸ்வோர்ன் சோர்ட்' என்ற குறுநாவல்தான்.

தெரியாதவர்களுக்கு: மொத்தம் மூன்று குறுநாவல்கள். முதலாவது 1998இல் வந்தது, மூன்றாவது 2010இல். 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' கதைக்கு ஏறக்குறைய 90 வருடம் முன்னால் நடப்பவை. டங்க் சேரியில் வளர்ந்து, ஊர் ஊராக வேலை தேடித் திரியும் ஏழை வீரன். அவனுடைய எடுபிடிப் பையன் மொட்டைத்தலை எக், உண்மையில் ஓர் இளவரசன். அதற்கான அடையாள மோதிரம் அவன் சப்பாத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

இந்த இரண்டாவது கதையில் டங்க், சேர் யூஸ்டஸ் என்ற கிழவரிடம் வேலைக்கு இருக்கிறான். மழை பொய்த்துப்போன கோடை. பக்கத்துக் கோட்டைச் சீமாட்டி ரோஹான் ஓடையை மறித்து அணை கட்ட, கிழவரின் நிலம் காய்கிறது. அநியாயம்தானே என்று டங்கோடு சேர்ந்து நாமும் கொதிக்கிறோம். பாதிக் கதை போன பிறகுதான் தெரியவருகிறது: 15 வருடத்துக்கு முந்திய உள்நாட்டுப் போரில் கிழவர் தோற்ற பக்கம் நின்றவர். மூன்று மகன்களையும் அந்தப் போரில் பறிகொடுத்தவர். ஓடை அவர் கையைவிட்டுப் போனதும் அதனால்தான். அரசர் எழுதிக் கொடுத்த உரித்து சீமாட்டியிடம் இருக்கிறது.

மகன்களைப் புதைத்த இடத்தில் பிளாக்பெரிப் புதர் மண்டியிருக்கிறது. வென்றிருந்தால் என் பிள்ளைகள் வீரர்கள், தோற்றதால் துரோகிகள் என்பதுதான் அந்தக் கிழவரின் வழக்கு. அந்தப் பக்கங்களைத் தாண்ட எனக்கு நேரம் எடுத்தது. மே மாதம் வந்தால் இந்த நாட்டில் ஒரு பக்கம் வெற்றி விழா, மறுபக்கம் முள்ளிவாய்க்கால் கஞ்சி. உறுதி கையில் இருந்தும் தன் காணிக்குள் கால் வைக்க முடியாதவர்களை எனக்குத் தெரியும். அமெரிக்கர் ஒருவர் கற்பனை உலகத்துக்காக எழுதிய கதை, தோற்ற வீட்டுக்குள் இருக்கும் மௌனத்தை இவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறது.

அதற்காகக் கிழவரை மார்ட்டின் புனிதராக்கவும் இல்லை. கிழவர் டங்கிடம் உண்மையை மறைத்தார். தன் மானத்துக்காக, ஈட்டி பிடிக்கத் தெரியாத குடியானவர்களைக் கவசம் அணிந்த வீரர்களுக்கு முன்னால் நிறுத்தவும் துணிந்தார். மார்ட்டின்மேல் எனக்கு மதிப்புக் கூடுவது இங்கேதான். துக்கத்தை மதிக்கிறார், அதைச் சாட்டாக வைத்து மற்றவன் உயிரைக் கேட்பதை ஏற்கவில்லை.

முன்கதைகள் பெரும்பாலும் சலிப்பூட்டுவதற்குக் காரணம், அவை கதாபாத்திரங்களின் சாதகக் குறிப்பாகி விடுவது. யாருக்கு யார் தாத்தா, எந்த வாள் எங்கிருந்து வந்தது, அவ்வளவோடு சரி. இங்கேயும் முடிவு நமக்குத் தெரியும். எக் ஒருநாள் ஐந்தாம் ஏகன் என்று முடிசூடுவான், சாதாரண குடிமக்களுக்கு உரிமை கொடுக்கப்போய்ப் பிரபுக்களோடு முட்டுவான். அந்த அரசன் எங்கே உருவானான் என்பதற்கு அரண்மனைக் காட்சி ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரே பெயரில் பலர் இருப்பதால் அடைபெயர் வைத்துக் கூப்பிட வேண்டிய அந்தக் குடியானவர்கள் நடுவே அவன் நிற்கிறான், அது போதும்.

2026 ஜனவரியில் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் முதல் கதையைச் சொன்னது. அடுத்த பருவம் இந்த ஓடைக் கதைதான். அது வரமுன்னம் புத்தகத்தை வாசித்துவிடுங்கள். 2015இல் மூன்று கதைகளும் ஒரே தொகுப்பாக வந்தன. முதலாவதைத் தாண்டிக்கொண்டு நேரே இரண்டாவதுக்குப் போகவேண்டாம். டங்க் ஏன் இவ்வளவு பிடிவாதமான நேர்மைக்காரன் என்பது அதில்தான் விளங்கும். வாசித்தவர்கள் சொல்லுங்கள், ஓடை யாருக்குச் சேரவேண்டியது? நான் இப்போதும் கிழவர் பக்கம்தான்.