வாட்ஸ்அப் கால் இங்கே வராது, அண்ணே

ஞாயிற்றுக்கிழமை நடந்த தங்கச்சி மகள் காதுகுத்துப் படங்களுக்குக் கீழே என்னைப் பற்றி வந்த கமென்ட்டைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு என் மேல் அக்கறை உள்ள நாலைந்து பேர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி உதவியிருக்கிறார்கள். "தாய்மாமன் மடியும் இல்லை, ஒரு வீடியோ காலும் இல்லை. வாட்ஸ்அப் கால் ஃப்ரீதானே? துபாய் காசு அவ்வளவு கெட்டியா?" அதற்கு 63 சிரிப்பு. எண்ணிப் பார்த்தேன். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இரண்டு பேரும் அதில் உண்டு.

கோபத்தில் எழுதவில்லை. இரண்டு நாள் ஆறப்போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். முதலில், நான் இருப்பது ஷார்ஜா. துபாய் இல்லை. 21 வருடமாகச் சொல்கிறேன், அது போகட்டும். இரண்டாவது, அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் வராது. மெசேஜ் போகும், போட்டோ போகும், வாய்ஸ் நோட் போகும். கால் போகாது. 2015-ல் வாட்ஸ்அப்பில் பேசும் வசதி வந்தபோது ஊரே அதில் பேச ஆரம்பித்தது. இங்கே அடைத்து வைத்தார்கள். லைசென்ஸ் உள்ள கம்பெனிகள் வழியாகத்தான் நெட்டில் பேசலாம் என்பது இங்கே சட்டம். 2018 ஜனவரி வாக்கில் போட்டிம், சி-மீ என்று இரண்டு ஆப்களுக்கு வழி விட்டார்கள். அப்போது மொபைலுக்கு மாதம் 50 திர்ஹாம், வீட்டு வைஃபைக்கு 100 திர்ஹாம் என்று தனி பேக்கேஜ். ஃப்ரீ என்று நீங்கள் சொல்வது உங்கள் ஊரில் ஃப்ரீ, அண்ணே.

உடனே ஒருவர் இன்பாக்ஸில் வந்தார். "வி.பி.என். போட வேண்டியதுதானே பாஸ், எல்லாரும் அப்படித்தான் பேசுறாங்க." வி.பி.என். என்றால், எந்த நாட்டிலிருந்து நெட்டுக்குள் போகிறோம் என்பதை மறைத்துத் தடையைத் தாண்ட வைக்கிற ஆப். அதைப் போட்டுப் பேசுகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தடை செய்த காரியத்தை வி.பி.என். போட்டுச் செய்து மாட்டினால், சட்டத்தில் எழுதியிருக்கும் அபராதம் 5 லட்சம் திர்ஹாமில் ஆரம்பித்து 20 லட்சம் வரை போகிறது. யாரையும் பிடிப்பதில்லை என்பீர்கள். இருக்கலாம். பிடித்தால் அந்தப் பணத்தை நீங்கள் கட்டுவீர்களா? என் விசா, என் வேலை, அம்மாவின் மாத்திரைச் செலவு, தங்கச்சி வீட்டுக் கடன் எல்லாம் ஒரே பாஸ்போர்ட்டில் தொங்குகிறது.

"சவூதியில் இருக்கிறவன் பேசுறானே" என்று இன்னொருவர். 2017 செப்டம்பரில் அங்கே நெட் கால் தடையைத் தளர்த்தினார்கள். நான் சவூதியில் இல்லை. அவ்வளவுதான் பதில்.

சரி, அன்று என்ன நடந்தது என்று யாராவது கேட்டீர்களா? ஊரில் ஒன்பது மணி என்றால் இங்கே ஏழரை. ஆறு பேர் தங்கும் ரூம். மற்றவர்கள் லீவு நாள் தூக்கத்தில் இருக்கிறார்கள். நான் ஆறு மணிக்கே குளித்து, வேட்டி கட்டி, போன பொங்கலுக்குத் தங்கச்சி கொடுத்துவிட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, கீழ்க்கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஊறுகாய் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்திருந்தேன். பேக்கேஜ் போட்டிருந்தேன். தங்கச்சி போனிலும் முதல் நாளே அதே ஆப்பை ஏற்றச் சொல்லியிருந்தேன். இங்கிருந்து பேச வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் அது இருக்க வேண்டும் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

லைன் கிடைத்தது. மேளம் துண்டு துண்டாகக் கேட்டது. ஆசாரி குனிகிறார், சித்தப்பா மகன் மடியில் பாப்பா உதட்டைப் பிதுக்குகிறாள், அங்கே படம் நின்றுபோனது. ஆசாரியின் முதுகு மட்டும். கோடு போட்ட துண்டு. பதினோரு நிமிடம் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகைச் சத்தம்கூட வரவில்லை.

நான் கேபிள் இழுக்கிற ஆள். ஷார்ஜாவில் பத்து இருபது கட்டடங்களுக்கு நெட் லைன் போட்டிருக்கிறேன். ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். நெட் காலில் குரலையும் படத்தையும் பொடிப்பொடியாக நறுக்கி அனுப்புகிறார்கள். மண்டபத்தில் முந்நூறு போன் ஒரே டவரில் தொங்கி, பாதிப் பேர் லைவ் ஓட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பொடியில் பாதி வந்து சேராது. சேர்ந்தாலும் நேரம் தப்பி வரும். ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழ 150 மில்லி நொடிக்கு மேல் ஆனாலே பேச்சு இடறும். "சொல்லுங்க", "இல்ல நீங்க சொல்லுங்க", "ஹலோ கேக்குதா" என்று நாம் முட்டிக்கொள்வது அதனால்தான். இன்னொரு வேடிக்கை, நார்மல் கால் என்று நாம் சொல்கிறோமே, ஊரில் 4ஜி-யில் வருகிற அந்த வோல்ட்டி காலும் நெட் போலத்தான் நறுக்கிப் போகிறது. ஆனால் கம்பெனிக்காரன் அதற்கென்று தனி வழி ஒதுக்கி வைத்திருப்பான். அதனால் மண்டபத்துக்குள்ளும் அது தாக்குப்பிடிக்கும்.

அதனால் நார்மல் கால் போட்டேன். ஆமாம், காசு போகிற கால். கெட்டியான துபாய் காசு. மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் கட் ஆனது. நாலாவது முறை எடுத்து, "நெட்ல வாங்க தம்பி, சும்மா எதுக்குக் காசு" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். என் தங்கச்சி போன் அப்போது யார் கையில் இருந்தது என்று சாயங்காலம்தான் தெரிந்தது. கமென்ட் போட்ட அதே அண்ணன் கையில்.

பெயர் சொல்ல மாட்டேன். அவருக்கே தெரியும்.

இதைப் படித்துவிட்டு "இவன் நெட் காலுக்கு எதிரி, பழைய பஞ்சாங்கம்" என்று ஆரம்பிப்பீர்கள். நானா? 2004-ல் ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவில் காலிங் கார்டைச் சுரண்டிச் சுரண்டி நகம் தேய்ந்தவன் நான். கார்டில் மிச்சம் எத்தனை நிமிடம் என்று ஒரு பொம்பளைக் குரல் சொல்லும். அதைக் கேட்டுவிட்டு யாரிடம் முதலில் பேசுவது என்று கணக்குப் போடுவோம். அம்மாவிடம் இரண்டு நிமிடம், அப்பாவிடம் "சாப்பிட்டீங்களா", அதோடு சரி. திருட்டுத்தனமாக நெட் போன் வைத்துப் பேசவிட்ட ரூம்களும் அப்போது உண்டு. போலீஸ் வருகிறது என்றால் பேசிக்கொண்டிருப்பவன் பாதி வாக்கியத்தோடு ஓடுவான். நெட் கால் என்ன கொடுத்தது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

2020 ஏப்ரலில் அப்பா போனார். கொரோனாவால் மார்ச் 22-லிருந்து வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குப் பயணிகள் விமானமே இல்லை. வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவர அரசு விட்ட வந்தே பாரத் விமானம் பறக்க ஆரம்பித்தது மே 7-ல்தான். அந்தச் சமயத்தில் வேலைக்கும் படிப்புக்கும் என்று சில மீட்டிங் ஆப்களை மட்டும் இங்கே திறந்துவிட்டிருந்தார்கள். எங்கள் சைட் இன்ஜினியர், மலையாளி, தன் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார். அறந்தாங்கி வீட்டு வாசலைப் பார்த்தேன். அப்பா முகத்தைப் பார்த்தேன். பச்சை ஓலையை விரிக்கும்போது, இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடம் முடிந்து மீட்டிங் மூடிக்கொண்டது. புது லிங்க்கை ஊரிலிருந்து மெசேஜில் அனுப்பி நான் மறுபடி உள்ளே போனபோது வாசலில் பெஞ்ச் மட்டும் கிடந்தது.

அந்த 40 நிமிடத்துக்கு நான் இன்றும் கடன்பட்டவன். நார்மல் காலில் அப்பா முகம் வந்திருக்காது. அதனால் நெட் கால் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? வாட்ஸ்அப் கால் இங்கே வராது என்கிறேன். வருகிற கால் எதுவோ அதை எடுங்கள் என்கிறேன். இது அவ்வளவு கஷ்டமா?

"வெளிநாட்டுக்குப் போனால் இதெல்லாம் இருக்கும்தானே, தெரிந்துதானே போனாய்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, உங்கள் அப்பா என்ன வேலை பார்க்கிறார்?

சரி, அதை விட்டுவிடுகிறேன். அம்மாவும் போன் எடுக்க மாட்டேன் என்கிறார், அதுதான் எனக்கு வலி. "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று வீடியோ காலில் மிரட்டிப் பணம் பிடுங்குகிறார்கள், பிரதமரே 2024-ல் ரேடியோவில் எச்சரித்தார் என்று தெரியாத நம்பர் எதையும் எடுக்காதே என்று நான்தான் அம்மாவுக்குச் சொல்லி வைத்தேன். இப்போது என் ஆப்பிலிருந்து மணி அடித்தாலும் எடுப்பதில்லை. 971 என்று அமீரக நம்பர் வந்தால் எடு அம்மா என்று இன்னொரு தடவை வாய்ஸ் நோட்டில் சொல்லியிருக்கிறேன். கேட்டாரா என்று தெரியவில்லை. நீலக் குறி விழவில்லை.

தங்கச்சி, நீயும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எடுக்கவில்லை. உன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. கம்மலின் திருகு கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார், பலமாகத் திருப்பாதே. புண் ஆறும் வரை தேங்காய் எண்ணெய் தொட்டு வை. ரசீது அந்தச் சிவப்புப் பைக்குள் சின்ன ஜிப்பில் இருக்கிறது. பாப்பா அழுத சத்தம் யார் போனிலாவது பதிவாகியிருந்தால் அனுப்பச் சொல்.