என்ஜிஜி16 காரட் வாங்கப்போகிறவர்களே, முதலில் அடிச்சட்டத்தைப் பாருங்கள்

டர்பன் பக்கம் மாடல் ரயில் வைத்திருக்கும் நம்மவர்கள் கூடினால், பேச்சு கடைசியில் ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கிறது. என்ஜிஜி16 காரட், அதாவது ஒரே கொதிகலனின் கீழ் தனித்தனியாகத் திரும்பும் இரண்டு சக்கரத் தொகுதிகள் (யூனிட்கள்) கொண்ட தென்னாப்பிரிக்கக் குறுகிய பாதை நீராவி எஞ்சின்; அதன் மாடலை எந்தக் கம்பெனியில் வாங்குவது? பாக்மனின் ரெடிமேட் மாடலா, நாமே கட்டவேண்டிய பேக்வுட்ஸ் மினியேச்சர்ஸ் கிட்டா, அக்யூகிராஃப்ட்டின் நிஜ நீராவி எஞ்சினா? கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்றின் படங்களையும் அருகருகே வைத்துக்கொண்டு ரிவெட் எண்ணிக்கொண்டிருப்பார்கள். படத்தை வைத்துக் காரட்டைத் தேர்ந்தெடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மற்ற எஞ்சினில் ஒரு அடிச்சட்டம். இதில் இரண்டு. தவறு நடக்கக்கூடிய இடமும் இரண்டு மடங்கு.

முதலில் அளவு. அசல் எஞ்சினின் நீளம் சுமார் 14.7 மீட்டர், பெரிய சக்கரங்களின் விட்டம் 838 மி.மீ. ஓடியது தண்டவாள இடைவெளி 610 மி.மீ. உள்ள பாதையில். பாக்மனும் பேக்வுட்ஸும் 1:76 அளவு, 9 மி.மீ. தண்டவாளம். எஞ்சின் சுமார் 19 செ.மீ. வரும், மேசை மேல் அடங்கிவிடும். ஆனால் 9 மி.மீ.யை 76ஆல் பெருக்கினால் 684 மி.மீ.; பாதை கொஞ்சம் அகலம், நேர் முன்னால் நின்று பார்த்தால் தெரியும். அக்யூகிராஃப்ட் 1:19. அதன் 32 மி.மீ. பாதையைப் பெருக்கினால் 608 வருகிறது, கிட்டத்தட்ட அச்சு அசல். ஆனால் எஞ்சின் முக்கால் மீட்டருக்கும் மேல் நீளம், தோட்டத்தில் அதற்கேற்ற பெரிய வளைவு வேண்டும். டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் வீடுகளில் பின்பக்க முற்றத்தை அளந்து பார்க்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

1:76இல் ரெடிமேடா கிட்டா என்ற கேள்விக்கு என் பதில்: சிறிய எஞ்சின் கிட் மூன்றையாவது கட்டி முடித்து, அவை தடங்கலின்றி ஓடினால் மட்டுமே காரட் கிட்டைத் தொடுங்கள். பித்தளைத் தகட்டை மடக்கிப் பற்றவைப்பது இதில் சுலபமான பாதி. கஷ்டம் ஓட்டத்தில் இருக்கிறது. பன்னிரண்டு பெரிய சக்கரங்களையும், ஒவ்வொரு அச்சிலும் ராடு மாட்டும் முனை இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் 90 டிகிரி தள்ளியிருக்கும்படி நிறுத்த வேண்டும். சிலிண்டருக்கு நீராவி விடுவதைக் கட்டுப்படுத்தும் வெளிப்புறக் கம்பிகளான வால்சார்ட்ஸ் வால்வு கியர் நான்கு செட். ஒரே ஒரு அச்சில் கோணம் சற்றே பிசகினாலும் அந்த யூனிட் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை நொண்டும். எனவே சிலிண்டரைச் சக்கரத்தோடு இணைக்கும் கனெக்டிங் ராடு மாட்டும் முன்பே, சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளிங் ராடு மட்டும் போட்டு, மோட்டார் இல்லாமல் கண்ணாடிமேல் உருட்டிப் பாருங்கள். தானாக உருளாத யூனிட்டை மோட்டார் வைத்துச் சரிசெய்ய முடியாது.

அடுத்து, கொதிகலன் உட்காரும் இரண்டு பிவட்கள், அதாவது யூனிட்கள் திரும்பும் மையப் புள்ளிகள். ஒன்று பக்கவாட்டில் திரும்ப மட்டும் வேண்டும். மற்றது திரும்பவும் வேண்டும், இடவலமாகச் சாயவும் வேண்டும். இரண்டையும் இறுக்கமாக வைத்தால் தண்டவாளம் கொஞ்சம் கோணும் இடத்தில் ஒரு சக்கரம் தூக்கிக்கொள்ளும், கரண்ட் போகும், எஞ்சின் நிற்கும். பலரும் சக்கரத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார்கள். குற்றம் பிவட்டில் இருக்கும்.

எடை வைப்பதற்கும் முறை உண்டு. காரட்டில் முன் தண்ணீர்த் தொட்டியும் பின் கரித்தொட்டியும் அந்தந்த யூனிட் மேலேயே உட்கார்ந்திருப்பதால், ஈயத்தை அங்கே வைத்தால் எடை நேராகச் சக்கரத்துக்குப் போகும். ஆனால் எடையின் நடு மையம் நடுச்சக்கரத்துக்கு மேல் வர வேண்டும். முனையில் குவித்தால் மூக்கு தாழ்ந்து, பின் சக்கரங்கள் வழுக்கும்.

இரண்டு மோட்டார் போட்ட கிட்டை யாரோ கட்டி, கைமாறி வாங்குவதானால் இந்தச் சோதனையைச் செய்யாமல் பணம் கொடுக்க வேண்டாம். ஒரு யூனிட்டின் வயரைக் கழற்றி, மற்றதை மட்டும் 3, 6, 9 வோல்ட்டில் ஒரு மீட்டர் ஓடவிட்டு நேரம் எடுங்கள். பிறகு அடுத்த யூனிட்டுக்கும் அதே. வேகம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசப்பட்டால் ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டே போகும். பலவீனமான மோட்டார் சூடாகும், கியர் தேயும். யூனிட்டுகளுக்கு நடுவில் ஓடும் வயரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். விறைப்பான பிளாஸ்டிக் வயர் வளைவில் ஸ்பிரிங் போலத் தள்ளி முன் யூனிட்டைத் தடம் புரட்டும். மெல்லிய சிலிக்கான் வயர்தான் வேண்டும்.

ரெடிமேட் மாடலில் இந்த வேலைகளைத் தொழிற்சாலை செய்து கொடுத்துவிடுகிறது. கொடுக்கும் பணம் அதற்குத்தான். அதனால் பெரும்பாலோருக்கு நான் சொல்வது ரெடிமேட்தான். கோர்லெஸ் மோட்டார் (சுருளுக்குள் இரும்பு இல்லாத மென்மையான மோட்டார்) உள்ள எதையும், வேகத்தைத் தானே சரிசெய்யும் பழைய ஃபீட்பேக் கன்ட்ரோலரில் ஓட்டாதீர்கள். அதன் துடிப்பு மின்சாரம் அந்த மோட்டாரைச் சுட்டுவிடும்.

ஆனால் ரெடிமேடில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இந்த வகுப்பில் மொத்தம் 34 எஞ்சின்கள். 85 முதல் 88 வரை 1937இல் பெல்ஜியத்தின் காக்கரில் கட்டியவை. 109–116 (1939), 125–131 (1951), 137–143 (1958) மூன்றும் மான்செஸ்டரின் பேயர் பீக்காக். கடைசி எட்டு, 149–156, 1967–68இல் ஹன்ஸ்லெட் டெய்லர் இங்கேயே தென்னாப்பிரிக்காவில் கட்டியது. 138, 143 இரண்டும் 1997இல் வேல்ஸின் வெல்ஷ் ஹைலேண்ட் ரயில்வேக்குப் போயின. பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் மாறியது, எண்ணெய் எரிக்கும்படியும் மாற்றினார்கள். வேல்ஸ் எஞ்சினின் வடிவத்தில் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டால் அது போர்ட் ஷெப்ஸ்டன் – ஹார்டிங் பாதையில் ஓடிய எஞ்சின் ஆகிவிடாது. கரித்தொட்டியின் மேற்புறத்தையும் முன் கப்ளிங்கையும் நேட்டால் காலப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 141, 155 இரண்டும் அதே பாதையைப் பின்னர் நடத்திய ஆல்ஃபிரட் கவுன்ட்டி ரயில்வேயில் என்ஜிஜி16ஏ ஆக மாற்றப்பட்டவை, மாற்றத்துக்குப் பிந்தைய காலத்துக்கு அந்த எண் ஒட்டிய சாதாரண மாடல் தவறு. கரும்பும் மரமும் ஏற்றி நம் ஊர்களைக் கடந்து போன வண்டி இது. 1860இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் கடற்கரை. மற்றவர்களுக்குச் சின்ன வித்தியாசமாக இருக்கலாம், நமக்கு இது முக்கியம்.

நிஜ நீராவி வேறு உலகம். இங்கே நீராவி கொதிகலனிலிருந்து இரண்டு யூனிட்டுக்கும் அசையும் குழாய் வழியாகப் போக வேண்டும். கசிவு வந்தால் முதலில் அந்த மூட்டுகளில்தான் வரும், மூட்டை அடைக்கும் ஓ-ரிங் வளையம் உதிரியாகக் கிடைக்குமா என்று வாங்குமுன் கேளுங்கள். குழாய் நீளமாகையால் குளிர்ந்த எஞ்சினில் நீராவி தண்ணீராகிவிடும். தொடக்கத்தில் முன்னும் பின்னும் மெல்ல அசைத்து அந்தத் தண்ணீரை வெளியேற்றாமல் ரெகுலேட்டரை (நீராவி வால்வை) முழுதும் திறந்தால் பிஸ்டன் அடைபட்டு நிற்கும். கொதிகலனில் காய்ச்சி வடித்த தண்ணீர் (டிஸ்டில்டு வாட்டர்) மட்டும் ஊற்றுங்கள், அதிலும் மேலே நீராவிக்கு இடம் விடுங்கள். சிலிண்டருக்கு 460 கிரேடு ஸ்டீம் ஆயில். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் லூப்ரிகேட்டரில் (எண்ணெய்க் கிண்ணத்தில்) சேர்ந்த தண்ணீரை எடுத்துவிட வேண்டும்.

டர்பனில் சரியாக எரியும் பர்னர் ஜோகன்னஸ்பர்க்கில் மஞ்சளாக எரியும். அங்கே காற்று கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, எனவே சிறிய ஜெட் (வாயு வரும் துளை) வேண்டும். குளிர்காலத்தில் அங்கே வெறும் பியூட்டேன் போதிய அழுத்தம் தராது. புரோப்பேன் கலந்த வாயுவும், அதைத் தாங்கும் தொட்டியும் வேண்டும்.

கடைசியாக, கடலோரத்தில் இருப்பவர்களுக்கு. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் துத்தநாக வார்ப்பு அடிச்சட்டத்தில் ஈயக் கலப்பு இருந்தால் உலோகம் உள்ளேயே வெடித்து வீங்கும். ஈரமும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும், டர்பனில் இரண்டுக்கும் குறைவில்லை. பழைய மாடல் வாங்கும்போது அடிச்சட்டத்தில் மயிரிழைக் கீறல், வாழைப்பழம் போன்ற வளைவு, பாடியின் நுனியில் இறுக்கம் ஏதும் தெரிந்தால் விட்டுவிடுங்கள்; அதற்கு மருந்து இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 15 சதவீத வாட், கூரியரின் கிளியரன்ஸ் கட்டணம், பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு மூன்றையும் விலையோடு கூட்டிக்கொண்டு ஒப்பிடுங்கள். பெட்டி வந்த அன்றே திறந்து இரு திசையிலும் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், திருப்பி அனுப்பும் காலக்கெடு தாண்டிவிடக்கூடாது. பிறகு உள்ளேயிருக்கும் நுரைப் பஞ்சை எடுத்துவிட்டு அமிலமில்லாத டிஷ்யூ காகிதத்தில் சுற்றி வையுங்கள். நம் ஈரத்தில் அந்த நுரை பிசுபிசுத்துப் பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும்.