அந்த ஜோக்ல சாமி எங்க இருக்கு, காட்டுங்க

சரி, முன்னாள் அமைச்சர் பொன்முடி வந்துட்டாரு. மேடையில சொன்ன ஒரு ஜோக்குக்காக 2025 ஏப்ரல்ல திமுக பறிச்ச துணைப் பொதுச்செயலாளர் பதவியை நவம்பர்ல திருப்பிக் கொடுத்தாச்சு. கட்சி முடிவு, கட்சிக்காரங்க பாடு, நான் பாட்டுக்கு ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிருப்பேன். ஆனா நேத்து ஒரு தோழரோட பதிவு கண்ணுல பட்டுச்சு. சைவ வைணவத்தை வெச்சு ஒரு நகைச்சுவை சொன்னதுக்கா இத்தனை மாசம் தண்டனை, மத ஆபாசத்தைக் கிண்டல் பண்ற உரிமை நமக்குக் கிடையாதா, அப்படின்னு. அதுக்குக் கீழ நான் ரொம்ப மதிக்கிற ரெண்டு பேரு ஹார்ட் போட்டிருக்காங்க. அதுல ஒருத்தங்க பொம்பளை. அதான் இதை எழுதறேன், நீளமாத்தான் இருக்கும்.

அந்த வீடியோவை நீங்க எல்லாரும் பாத்தாச்சு, அதனால பொன்முடி என்ன சொன்னாருன்னு நான் இங்க திருப்பி டைப் பண்ணப் போறதில்லை. பட்டை, நாமம், பாலியல் தொழில் பண்ற ஒரு பொண்ணு, அவகிட்ட போன ஒரு ஆளு, படுக்கறதுக்கு பட்டை, நிக்கறதுக்கு நாமம். அவ்ளோதான் கதை. இப்ப நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அதுல சாமி எங்க இருக்கு? எந்தப் புராணத்தைக் கேள்வி கேட்டாரு? எந்தப் பாசுரத்துல ஓட்டை கண்டுபிடிச்சாரு? பட்டையும் நாமமும் அதுல சும்மா அடையாளத்துக்கு வந்து நிக்குது, சிரிப்பு மொத்தமும் அந்தப் பொண்ணு உடம்பு மேலதான். கடவுள் மறுப்பாம். எதை மறுத்தாராம்?

சாமியைக் கிண்டல் பண்றதுல எனக்கு ஒரு பிரச்சனையும் கிடையாது. நான் வளந்ததே அதுலதான். எங்க அப்பா தினமும் நாமம் போட்டுட்டுத்தான் கடையைத் தொறப்பாரு. அவரோட சிநேகிதர் ஒருத்தர் நெத்தி நிறைய விபூதி பூசிட்டு சாயங்காலமானா வந்து உக்காந்துடுவாரு. ரெண்டு பேரும் அடிச்சுக்கறதைக் கேக்கறதுக்குன்னே ஆளுங்க டீ வாங்கிட்டு வந்து நிப்பாங்க. விபூதிக்காரர் காளமேகப் புலவர் பாட்டை எடுத்து விடுவாரு. கண்ணபுரம் பெருமாள்கிட்டயே போய், சிவனை விட நீ பெரிய ஆளு, ஆனா உன்னை விட நான் பெரிய ஆளு, ஏன்னா அவனுக்குப் பொறப்பே இல்லை, உனக்கு பத்து, எனக்கு எண்ணவே முடியாதுன்னு பாடுவாரே, அது. அப்பா விடுவாரா, மண்டையோட்டுல பிச்சை எடுத்துத் திரியறவனுக்கு நீ வக்காலத்தான்னு ஆரம்பிப்பாரு. ரெண்டு பேருக்குமே சிரிப்பு வரும், ரெண்டு பேருக்குமே பக்தியும் குறையாது. சுந்தரர் சிவனைப் பித்தான்னு கூப்பிட்டே பாட ஆரம்பிச்சது எங்க? திருவெண்ணெய்நல்லூர்ல. பொன்முடியோட சொந்த விழுப்புரம் மாவட்டம்தான். அதே சுந்தரர் கண்ணு போனதும் திருவாரூர்ல நின்னு, நீ நல்லா இரு சாமின்னு குத்திக் காட்டிப் பாடினாரு. அதையும் பதிகம்னுதான் பாடறோம். இதெல்லாம் இருக்கற ஊர்ல வந்து, மதத்தைக் கிண்டல் பண்ண உரிமை இல்லையான்னு என்கிட்ட கேக்கறீங்க.

அப்புறம் இதையும் சொல்லியே ஆகணும், ஏன்னா எங்க அம்மா வீடு திருக்கோவிலூர். ஆமா, அவர் ஜெயிச்ச தொகுதி. அந்த ஊருக்கு வைணவத்துல என்ன பெருமைன்னு தெரியுமா? மழை கொட்டற ஒரு ராத்திரி, இருட்டு, ஒரு சின்ன இடைகழியில பொய்கையாழ்வார் படுத்திருக்காரு. பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டறாரு. ஒருத்தர் படுக்கலாம், ரெண்டு பேர் உக்காரலாம்னு எழுந்து இடம் கொடுக்கறாரு. அடுத்து பேயாழ்வார். மூணு பேர் நிக்கலாமேன்னு மூணு பேரும் நிக்கறாங்க, நாலாவதா கண்ணுக்குத் தெரியாம பெருமாளே வந்து நெருக்கறாரு, அங்கதான் முதல் மூணு அந்தாதியும் பொறக்குது. படுக்கறது, நிக்கறது! அந்த ஊரு எம்.எல்.ஏ.வுக்கு நாமம்னு சொன்னதும் படுக்கறது நிக்கறதுல எந்தக் கதை ஞாபகம் வந்துருக்குன்னு பாருங்க. இத்தனைக்கும் காலேஜ்ல பாடம் எடுத்தவரு, உயர்கல்வித் துறையைப் பாத்தவரு.

இப்ப வருவாங்க. "அக்கா நீங்களும் சங்கி ஆயிட்டீங்களா?" இல்லைப்பா. அந்தப் பக்கத்து லட்சணமும் எனக்குத் தெரியும். 2018 பிப்ரவரியில ராஜ்யசபாவுல பிரதமர் மோடி பேசறப்ப காங்கிரஸ் எம்.பி. ரேணுகா சௌத்ரி சத்தமா சிரிச்சாங்க. அதுக்கு அவரு, அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க, ராமாயணம் சீரியலுக்கு அப்புறம் இப்படி ஒரு சிரிப்பைக் கேக்கற பாக்கியம் இன்னிக்குத்தான் கிடைச்சதுன்னாரு. ஆளுங்கட்சிப் பக்கம் மேசையைத் தட்டுச்சு. யாரைச் சொல்றாருன்னு அவர் வாயால சொல்லலை, ஆனா அவரோட மந்திரி ஒருத்தரே சூர்ப்பனகை க்ளிப்பை ஒட்டி வீடியோ போட்டாரு. அப்ப இந்த மனம் புண்பட்ட பக்தகோடிங்க யாரும் ராமாயணத்தை இப்படி இழுக்கலாமான்னு கேக்கலை, நல்லா ரசிச்சாங்க. அதுக்கு முந்தின வருஷம் ஜூலையில அதே சபையில சமாஜ்வாதி எம்.பி. நரேஷ் அகர்வால் சாமி பேரையும் சாராயத்தையும் சேத்து ஒரு கவிதை மாதிரி எடுத்து விட்டாரு. ஒரே ரகளை, அவைக் குறிப்புல இருந்து எடுத்தாங்க, அவரும் வருத்தம் தெரிவிச்சாரு. எட்டு மாசம்தான், 2018 மார்ச்ல அவரையே சேத்துக்கிட்டு சால்வை போட்டாங்க, எந்தக் கட்சின்னு நான் வேற சொல்லணுமா. ஆக அவங்களுக்கும் சாமி முக்கியம் இல்லை, யார் வாயி அதுதான் முக்கியம்.

"அப்ப 2018ல நீ பதிவு போட்டியா?" போட்டேன். இதே ஐடியில இருக்கு, போய்த் தேடிக்கோங்க. போடலைன்னாலும் இன்னிக்குப் பேசக் கூடாதுன்னு எந்த சட்டமும் இல்லை.

"கட்சி உடனே நடவடிக்கை எடுத்துச்சே." எடுத்துச்சு, நியாயமாச் சொல்றேன். கனிமொழி பொதுவுல கண்டிச்சாங்க, அதுக்கு ஒரு தைரியம் வேணும். அன்னிக்கே கட்சிப் பதவி போச்சு, மறுநாள் மன்னிப்பும் கேட்டாரு. ஆனா மந்திரி பதவி? அது ஏப்ரல் 27 வரைக்கும் அப்படியே இருந்துச்சு. ஹைகோர்ட் கூப்பிட்டு ஏன் எஃப்ஐஆர் போடலைன்னு கேக்கற அளவுக்குப் போச்சு. இப்ப ஏழு மாசத்துல கட்சிப் பதவியும் திரும்பி வந்தாச்சு. ஏழு மாசத்துல எங்க ஊர்ல ஒரு பட்டா மாறுதல் கூட நடக்காது.

அடுத்து பெரியார். பெரியாரை யாராவது குறுக்கே கொண்டு வந்து நிறுத்துவாங்கன்னு தெரியும். அவர் கடவுளை என்னென்ன சொன்னாருன்னு எனக்கும் தெரியும், அவர் முன்னாடி வெச்சது வாதம். 1929ல செங்கல்பட்டு மாநாட்டுல பொண்ணுங்களுக்கு சொத்துல சம உரிமை வேணும்னு தீர்மானம் போட்ட இயக்கம் அது. 60 வருஷம் கழிச்சு 1989ல அதை சட்டமாக்கினது இதே கட்சி. எங்க அப்பா வீட்டுல எனக்குப் பங்கு வந்தது அந்தச் சட்டத்தாலதான், இல்லைன்னா எங்க அண்ணனுங்க ஒரு சட்டி பானை கூடக் கொடுத்திருக்க மாட்டாங்க. அந்த நன்றி எனக்கு எப்பவும் உண்டு. அந்த வரிசையில கொண்டு போய் இந்த ஜோக்கை வைக்கறீங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கலை. வேற யாராவது சொல்லியிருந்தா த்தூன்னு துப்பிட்டுப் போயிருப்பேன்.

ஒண்ணு சொல்லவா, எனக்கு அந்த வீடியோவுல அவர் பேச்சை விட கீழ இருந்து வந்த சிரிப்புதான் இன்னமும் காதுல இருக்கு. ஏன்னா அந்தச் சிரிப்பை நான் வேற எடத்துல கேட்டிருக்கேன். எங்க சொந்தத்துல ஒரு காதுகுத்து, பந்தியில பரிமாறிட்டு இருக்கோம், மாமா முறை ஒருத்தர் இதே ரகத்துல ஒண்ணு எடுத்து விட்டாரு. ஆம்பளைங்க இலையில கை வெச்சபடி குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறாங்க, நாங்க சாம்பார் வாளியைப் பிடிச்சுக்கிட்டு கேக்காத மாதிரி அடுத்த இலைக்கு நகர்றோம். யாரும் எதுவும் சொல்லலை. சொன்னா "ஜோக்குமா, இதுக்குப் போயி"ன்னுவாங்க. அந்த மாமா கையில மைக் இல்லை, பின்னாடி போலீஸ் வண்டி இல்லை, கோட்டையில ரூமும் இல்லை, அதுக்கே எங்க வாய் தொறக்கலை. மந்திரி பேசற மேடைக்கு முன்னாடி உக்காந்து கேக்கற பொம்பளைங்க எழுந்து போயிருக்கலாமேன்னு ஈஸியா கேப்பீங்க.

சில பேரு "இதை உங்க அம்மா முன்னாடி சொல்வாரா, பொண்ணு முன்னாடி சொல்வாரா"ன்னு எழுதினாங்க. நல்ல எண்ணத்துலதான் எழுதினாங்க, ஆனா அதுவும் எனக்குப் பிடிக்கலை. அந்தக் கதையில வர்ற பொண்ணு முன்னாடி சொல்லிப் பாருங்க. அவ யாரோட அம்மாவாவும் இருந்தாத்தான் மரியாதையா? பக்தருங்க நாமம் புண்பட்டுச்சுன்னாங்க, தோழர்கள் கருத்துச் சுதந்திரம் புண்பட்டுச்சுன்னாங்க, கட்சிக்காரங்க அண்ணன் மனசு புண்பட்டுச்சுங்கறாங்க. அவளைப் பத்தி எவனாவது ஒரு வரி?

2022லயே தெரிஞ்சிருக்கணும் நமக்கு. பஸ்ஸுல ஓசியில போறீங்கன்னு மேடையில நின்னு பொம்பளைங்களைப் பாத்து சிரிச்சுக்கிட்டே சொன்னவருதானே. அன்னிக்கும் ஜோக்குன்னுதான் சொன்னீங்க. எங்க அம்மா அந்த பஸ்லதான் ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிட்டு வரும். அது யாரோட ஓசி?

பதவி திரும்பி வந்த நியூஸைப் போன்ல அம்மாகிட்ட சொன்னேன், என்னம்மா இதுன்னு. "அந்தாளு எப்பவும் அப்படித்தான் பேசும், நீ ஏன் பிரஷர் ஏத்திக்கற, பஸ்ஸை நிறுத்தாம இருந்தா சரி"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க.