நுரையைக் கலைச்சாச்சு, சோப்பு எங்கே போச்சு?

பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கு ஆற்றில் நுரை பொங்கிய வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். பாலத்துக்குக் கீழே வெள்ளை மெத்தை போலக் கிடந்த நுரையில் குழாய் வைத்துத் தண்ணீர் பீய்ச்சியதையும் பார்த்தேன். அரை மணி நேரத்தில் ஆறு ‘சுத்தமாகிவிட்டது’ என்று போட்ட படத்தையும் பார்த்தேன். கீழே எத்தனை கைகூப்பு! மறுநாள் தண்ணீர் எடுத்துச் சோதித்தார்களாம், எல்லாம் வழக்கம்போலத்தான் இருக்கிறதாம்.

இருக்காதா பின்னே?

நுரையைக் கலைத்தால் சோப்பு போகாது. இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் வேண்டாம், துணி துவைத்த கை போதும். சலவைத்தூளில் அழுக்கை இழுக்கும் பொருளை சர்ஃபாக்டன்ட் என்பார்கள், நான் சோப்பு என்று சொல்வது அதைத்தான். லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராம் இருந்தாலே, தண்ணீர் விழுந்து காற்றோடு அடிபடும் இடத்தில் நுரை கட்டும். அதனால்தான் தடுப்பணைக்குக் கீழேயும், பெரிய கால்வாய் ஆற்றில் கொட்டும் வாயிலும் அது தெரிகிறது. சோப்பு கலந்த இடம் அதற்கு மேலே எங்கேயோ இருக்கும். பீய்ச்சியதில் உடைந்தது குமிழி. சோப்பு அப்படியே கரைந்து கடலுக்குப் போனது. நுரையடக்கி மருந்து தெளித்தாலும் இதே கதைதான், கூடுதலாக அந்த மருந்தும் தண்ணீரில் சேரும். டெல்லியில் 2021-ல் படகில் போய் யமுனை நுரை மேல் தண்ணீர் அடித்தார்கள், மூங்கில் தடுப்பும் கட்டினார்கள். அதற்குப் பிறகும் யமுனை நுரைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த ‘வழக்கம்போல’ முடிவுக்கு வருவோம். நம் மலேசிய ஆற்று நீர்த்தரக் குறியீட்டில் மொத்தம் ஆறு அளவுகள்தான்: கரைந்த ஆக்சிஜன், பிஓடி (அழுக்கைக் கிருமிகள் மக்க வைக்க எடுக்கும் ஆக்சிஜன்), சிஓடி (அதையே வேதிப்பொருளால் சிதைக்க வேண்டிய ஆக்சிஜன்), அமோனியா நைட்ரஜன், தண்ணீரில் கலங்கி நிற்கும் திடப்பொருள், பிஎச் எனும் அமில-கார அளவு. சோப்பு அந்தப் பட்டியலிலேயே இல்லை. தேடாத பொருள் கிடைக்கவில்லை என்பது ஒரு முடிவா? சோப்பைக் கண்டுபிடிக்க எம்பிஏஎஸ் என்று தனிச் சோதனை இருக்கிறது. மெத்திலின் நீலச் சாயம் சோப்போடு ஒட்டிக்கொண்டு குளோரோபார்முக்குள் இறங்கும், அந்த நீலம் எவ்வளவு அடர்த்தி என்று அளப்பார்கள். அதைக் கேட்டு வாங்க வேண்டும், தானாகச் செய்ய மாட்டார்கள்.

மாதிரி எடுக்கவும் ஒரு முறை உண்டு. நுரை இருக்கும்போதே எடுக்க வேண்டும், மறுநாள் அல்ல. நுரையை அள்ளக்கூடாது, அதில் சோப்பு திரண்டிருக்கும், கணக்கு தப்பாக ஏறும். ஓட்டத்தை எதிர்த்து நின்று, மேற்பரப்புக்குக் கீழே ஓர் அடியில் போத்தலை நிரப்புங்கள். சோப்புப் போட்டுக் கழுவிய போத்தல் என்றால் உங்கள் சோப்பைத்தான் அளப்பார்கள். கால்வாய் வாய்க்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. ஐஸ் பெட்டியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் லேப்பில் கொடுக்க வேண்டும்.

“மழை பெய்தால் நுரை இயற்கைதானே?” ஆமாம், இயற்கை நுரையும் உண்டு. இலை தழை அழுகி வருவது, பழுப்பாக இருக்கும், மண்வாசனை அடிக்கும். அந்தப் பாலத்தடியில் லாவண்டர் வாசனை அடித்ததாம். எந்த மரத்து இலையோ!

“இப்போ வர்ற சோப்பெல்லாம் மக்கிடும்.” மக்கும், மறுக்கவில்லை. 1950-களில் வந்த சலவைத்தூள் மக்காமல் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளையெல்லாம் நுரைக்கவிட்டது, 1960-களில் அந்த மூலப்பொருளையே மாற்றினார்கள். ஆனால் புதியதும் மக்க ஆக்சிஜன் வேண்டும், கிருமி வேண்டும், நேரம் வேண்டும். ஜெலுத்தோங் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் மூன்றும் இருக்கிறது. லோங்காங்கில், அதாவது வீட்டோர மழைநீர்க் கால்வாயில், ஊற்றியது அங்கே போவதே இல்லை. கழிப்பறைக் குழாய் வேறு, மழைநீர்க் கால்வாய் வேறு. கால்வாயில் விட்டது நேரே ஆற்றுக்குத்தான். பழைய வீடுகளில் சமையலறைத் தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் அப்படித்தான் போகிறது.

சாப்பாட்டுக் கடைகளின் பின்பக்கச் சந்துக்குப் போய்ப் பாருங்கள். நீலக் கொப்பரையில் தட்டுகள், ரெண்டு பிழிவு சோப்பு, கழுவி முடித்ததும் கால்வாயின் கம்பி மூடி மேல் மொத்தமாகக் கவிழ்த்துவிடுவார்கள். “எண்ணெய்ப் பொறி வெச்சிருக்கோம்” என்பார்கள், கழுவின தண்ணீரை நிறுத்தி எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி அது. பொறி பிடிப்பது எண்ணெயை, சோப்பை அல்ல. தண்ணீர் ஆறி நின்றால்தான் எண்ணெய் மிதந்து பிரியும். சுடுதண்ணீரும் சோப்பும் சேர்ந்தால் எண்ணெயும் கலங்கி வெளியே ஓடிவிடும். மிதக்கும் கொழுப்பை வாரா வாரம் அள்ளாத பொறி வெறும் தொட்டி. பொறியிலிருந்து வரும் குழாயைக் கழிவுநீர்க் குழாயில் சேர்த்தால்தான் விடிவு. கார் கழுவும் கடைக்கும் அதேதான்.

சிறு வியாபாரிகள் வயிற்றில் அடிக்கிறேனாம். சரி, அடிக்கிறவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். 2024 திருத்தத்துக்குப் பிறகு சுற்றுச்சூழல் சட்டத்தில் அபராதம் ஒரு கோடி ரிங்கிட் வரை போகிறது. அது வருவதற்குள் குழாயை மாற்றச் சொல்கிறவனா எதிரி?

என்னை உண்மையில் குத்தியது வேறொன்று. “டோபி காட் பக்கம் போய்ப் பாருங்க, யார்னு தெரியும்” என்று அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதி, அதற்கு நூறு சிரிப்பு. டோபி காட் என்பது சலவைத் தொழிலாளர்களின் இடம். சிரித்தவர்களில் பாதி நம்மவர்கள். ஆயர் ஈத்தாம் சாலையில் தலைமுறை தலைமுறையாகக் கல்லில் துவைத்த கைகள் அவை. கழுவுகிறவன் கண்ணுக்குத் தெரிகிறான், அதனால் அவன் குற்றவாளி. வாஷிங் மெஷினின் சாம்பல்நிறக் குழாய் பின்கட்டு லோங்காங்கில் தொங்குகிறதே, அது யார் வீட்டுடையது? எழுதியவர் முதலில் தன் வீட்டுக் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு வரட்டும்.

அடுத்த தடவை நுரை வந்தால் போத்தலோடு கூப்பிடுங்கள், வருகிறேன். பீய்ச்சியடிக்கும் படத்தில் மட்டும் தயவுசெய்து என்னை டேக் பண்ணாதீர்கள்.