இன்னும் ஒரு படிதானா? புளூ ஜேஸின் 2026ஐ முன்வைத்து

சென்ற ஆண்டு நவம்பர் 1ஆம் திகதி இரவு, வட அமெரிக்க பேஸ்போலின் கிண்ணத்தைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில் ரொறன்ரோ புளூ ஜேஸ் அணி 4-3 என்று முன்னிலையில் இருந்தது. கிண்ணத்தைக் கைப்பற்ற இன்னும் இரண்டே ஆட்டமிழப்புகள் போதும் என்ற நிலையில், எதிரணியில் பெரிய அடிக்காரர் என்று எவரும் கருதாத மிகேல் ரோஹாஸ், நம் பந்துவீச்சாளர் ஜெஃப் ஹொஃப்மனின் பந்தை இடப்பக்க எல்லைக்கு அப்பால் அனுப்பி ஆட்டத்தைச் சமன் செய்தார். பதினோராவது இன்னிங்ஸில் வில் ஸ்மித் இன்னொன்றை அனுப்ப, லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ் 5-4 என்று வென்றது. அன்றிலிருந்து இந்த நகரத்தில் பேஸ்போல் பேசுகிறவர்கள் எல்லோர் வாயிலும் ஒரே வாசகம்தான் இருக்கிறது: இன்னும் ஒரு படிதான். புளோரிடாவின் டனீடனில் பயிற்சி முகாம் தொடங்கிய பிறகும் அதே பேச்சுத்தான். இந்த அணியை நேசிக்கிறவன் என்ற முறையில், அந்த வாசகத்தை நான் ஏற்கவில்லை என்பதையும், அப்படி ஏற்காமலே இந்தப் பருவத்தை ஏன் ஆவலோடு எதிர்பார்க்கிறேன் என்பதையும் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

ஒரு படி என்பது ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸிலிருந்து அளக்கப்படும் தூரம். புதிய பருவம் அங்கிருந்து தொடங்குவதில்லை; 162 ஆட்டங்களின் முதல் பந்திலிருந்து, மற்ற 29 அணிகளோடு சேர்ந்து, பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. அதைவிட முக்கியமான ஒன்றை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். 2024இல் இதே அணி 74 வெற்றிகளோடும் 88 தோல்விகளோடும் அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவில் கடைசி இடத்தில் இருந்தது. பெரும்பாலும் அதே வீரர்களோடு 2025இல் 94 ஆட்டங்களை வென்றது. நியூயோர்க் யாங்கீஸும் அதே 94 ஆட்டங்களை வென்றிருந்தது. இரு அணிகளும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களில் நாம் கூடுதலாக வென்றிருந்த ஒரே காரணத்தால்தான் பிரிவுப் பட்டம் ரொறன்ரோவுக்கு வந்தது. ஓராண்டில் இருபது வெற்றிகள் கூடுமென்றால், இன்னோர் ஆண்டில் பத்துப் பன்னிரண்டு குறைவதற்கும் இடமுண்டு.

சென்ற ஆண்டு நடந்தது என்ன என்று பார்ப்போம். இன்றைய பேஸ்போலில் பெரும்பாலான அணிகள் ஹோம் ரன்னுக்காக (எல்லைக்கு அப்பால் போகும் அடிக்காக) முழு பலத்தோடு மட்டையைச் சுழற்றுகின்றன. அதன் விலையாக ஸ்ட்ரைக் அவுட் ஆவதை, அதாவது அடிக்கத் தவறியோ அடிக்கக்கூடிய பந்தை விட்டுவிட்டோ மூன்று ஸ்ட்ரைக் வாங்கி ஆட்டமிழப்பதை, பொறுத்துக்கொள்கின்றன. புளூ ஜேஸ் எதிர்த்திசையில் போனது. முப்பது அணிகளிலும் மிகக் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆன அணியாகவும், 0.265 (ஆயிரம் முறை துடுப்பெடுத்தால் 265 முறை ஹிட் அடித்து, அதாவது வெற்றிகரமாக அடித்துத் தளத்தை அடைவது) என்ற மிக உயர்ந்த துடுப்பாட்டச் சராசரி கொண்ட அணியாகவும் அது முடித்தது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது: ஆறு அடிக்க முயன்று ஆட்டமிழப்பதற்குப் பதிலாக ஒன்றும் இரண்டுமாக ஓட்டங்களைச் சேர்த்து எதிரணியின் களத்தடுப்பைச் சோர வைக்கும் ஆட்டம் அது. மினசோட்டாவிலிருந்து வந்த டேவிட் பொப்கின்ஸ் என்ற துடுப்பாட்டப் பயிற்சியாளருக்கு இதில் பெரும் பங்கு உண்டு. எர்னி கிளெமென்ட், நேதன் லூக்ஸ், அடிசன் பார்ஜர் என்று வெளியில் பெயர் தெரியாத வீரர்கள் ஒரே நேரத்தில் தங்கள் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை ஆடினார்கள். இறுதிச் சுற்றுகளில் மட்டும் கிளெமென்ட் 30 ஹிட்களை அடித்தார். ஒரே ஆண்டின் இறுதிச் சுற்றுகளில் அதற்கு முன் எவரும் அத்தனை அடித்ததில்லை.

என் ஐயம் இங்கேதான் தொடங்குகிறது. ஒருவரோ இருவரோ எதிர்பாராத உயரத்தைத் தொட்டால் அது அதிர்ஷ்டம். ஆறேழு பேர் ஒரே ஆண்டில் தொட்டால், அதில் முறையான பயிற்சியின் பங்கு எவ்வளவு, நல்ல காலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது. ஜோர்ஜ் ஸ்பிரிங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 2024இல் 0.220 என்ற சராசரியோடு இவர் காலம் முடிந்துவிட்டது என்று நம்மில் பலர் எழுதித் தள்ளினார்கள். 2025இல் அதே மனிதர் 0.309 சராசரியோடு 32 ஹோம் ரன்களை அடித்தார். சியாட்டல் மரினர்ஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில், 3-1 என்று பின்தங்கியிருந்தபோது அவர் அடித்த மூன்று ஓட்ட ஹோம் ரன்தான் 32 ஆண்டுகளுக்குப் பிறகு நம்மை உலகத் தொடருக்கு அனுப்பியது. அவருக்கு இப்போது வயது 36, வரும் செப்டெம்பரில் 37. அந்த வயதில் ஒரு வீரர் தன் சிறந்த பருவத்தை மறுபடியும் ஆடிக் காட்டுவார் என்று நம்பித் திட்டமிடுவது துணிச்சல். அதை நம்பிக்கை என்று நான் அழைக்க மாட்டேன். 25 ஹோம் ரன்களும் 0.260 சராசரியும் கிடைத்தாலே நான் மகிழ்வேன்.

போ பிஷெட் போய்விட்டார். மூன்று ஆண்டுகளுக்கு 126 மில்லியன் டொலருக்கு நியூயோர்க் மெட்ஸ் அவரைக் கொண்டுபோனது. இதைப் பற்றி நண்பர்களோடு நடந்த வாதங்களில் எனக்கு இன்னும் நிறைவு வரவில்லை. இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் அவருடைய களத்தடுப்பு பலவீனமாக இருந்தது உண்மை. தங்கக் கையுறை விருதுகளை வென்ற அன்ட்ரேஸ் ஹிமேனெஸ் அங்கே நிற்கும்போது அணி பல ஓட்டங்களை மிச்சப்படுத்தும் என்பதும் உண்மை. முழங்கால் காயத்தால் பிஷெட் வெளியே இருந்தபோதுதான் யாங்கீஸையும் மரினர்ஸையும் வென்றோம் என்று நிர்வாகத்தின் ஆதரவாளர்கள் சொல்வதிலும் பிழையில்லை. ஆனால் அவை பதினொரு ஆட்டங்கள். அந்த ஆட்டங்களில் விளாடிமிர் குரேரோ ஜூனியர் மனிதர் ஆடும் ஆட்டத்தை ஆடவில்லை. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, ஆறு மாதங்கள் அப்படி ஆட எவராலும் இயலாது. பிஷெட் 2025இல் 0.311 சராசரியோடு 94 ஓட்டங்களைக் கொண்டுவந்தவர்; ஹிமேனெஸ் அதே ஆண்டில் 0.210இல் தடுமாறியவர். காயத்தோடு திரும்பி வந்து, ஏழாவது ஆட்டத்தில் ஷோஹெய் ஒட்டானியின் பந்தில் மூன்று ஓட்டங்களை அடித்துக்கொடுத்ததும் அந்தப் பிஷெட்தான். மறுபக்கத்தில், ஓடவே சிரமப்பட்ட ஒருவரோடு நீண்ட கால ஒப்பந்தம் செய்வதற்கு நிர்வாகம் தயங்கியதையும் நான் விளங்கிக்கொள்கிறேன். மெட்ஸ் கொடுத்த ஆண்டுத் தொகை அதிகம்தான். இருந்தாலும் குரேரோவுக்கு அருகில் துடுப்பெடுத்தாட ஒருவர் தேவை என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. 14 ஆண்டுகளுக்கு 500 மில்லியன் டொலர் பெறும் குரேரோ, வழமையான பருவத்தில் சென்ற ஆண்டு 23 ஹோம் ரன்களை மட்டுமே அடித்தார். இறுதிச் சுற்றுகளில் அடித்த எட்டு ஹோம் ரன்கள் அந்தக் குறையை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டன. பின்னால் வருபவர் அச்சுறுத்தாவிட்டால் எதிரணிப் பந்துவீச்சாளர்கள் அவருக்கு நல்ல பந்தே போட மாட்டார்கள்.

அந்த இடத்துக்கு நிர்வாகம் முதலில் விரும்பியவர் கைல் டக்கர். அவர் நான்கு ஆண்டுகளுக்கு 240 மில்லியன் டொலருக்கு டொட்ஜர்ஸுக்கே போனார். 2023 டிசம்பரில் ஒட்டானி, அதற்கடுத்த குளிர்காலத்தில் ஹுவான் சோட்டோவும் ரோக்கி சசாக்கியும், இப்போது டக்கர் என்று, கதவு வரை வந்து திரும்பியவர்களின் பட்டியல் நீள்கிறது. இதற்கு நிர்வாகத்தைத் திட்டுவது எளிது. ஆனால் மற்ற அணிகள் பலவற்றுக்கும் கிடைக்காத ஒன்றை நமக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பதில் பயனில்லை.

வந்தவர் கசுமா ஒகமோட்டோ. நான்கு ஆண்டுகள், 60 மில்லியன் டொலர். யொமியுரி ஜயன்ட்ஸுக்காக ஜப்பானியத் தொழில்முறைப் போட்டிகளில் 248 ஹோம் ரன்களை அடித்தவர். 2023இல் மட்டும் 41. முழங்கைக் காயத்தால் சென்ற ஆண்டு பாதிக்கும் குறைவான ஆட்டங்களே ஆடினார், ஆனால் ஆடியவரை மிகச் சிறப்பாக ஆடினார். பந்தைத் தவறவிடாமல் அடிக்கும் பழக்கம் உள்ளவர் என்பதால் இந்த அணியின் பாணிக்குப் பொருத்தமானவர் என்று நினைக்கிறேன். அமெரிக்கப் பந்துவீச்சின் வேகம் ஜப்பானில் அன்றாடம் எதிர்கொள்வதைவிட அதிகம் என்பதே அவர் முன்னால் இருக்கும் சோதனை. மே மாத இறுதிக்கு முன் அவரைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறவர்களை நான் பொருட்படுத்தப் போவதில்லை.

என் நம்பிக்கை முழுவதும் பந்துவீச்சில் இருக்கிறது. ஏழு ஆண்டுகளுக்கு 210 மில்லியன் டொலர் கொடுத்து டிலன் சீஸை எடுத்தபோது, ஒன்பது இன்னிங்ஸுக்கு 4.55 ஓட்டங்கள் என்ற சராசரியில் விட்டுக்கொடுத்தவருக்கு இவ்வளவா என்று கேட்டவர்கள் உண்டு. அந்த எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் அதே ஆண்டில் அவர் 215 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கியதையும், ஆண்டுதோறும் தவறாமல் முப்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்களைத் தொடங்கி வருவதையும் பார்ப்பதில்லை. பந்துவீச்சாளர்களின் முழங்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுவைச் சிகிச்சைக்குப் போகும் இந்தக் காலத்தில், முறை தவறாமல் களத்துக்கு வருவதே ஒரு திறமை. அவரோடு கெவின் கௌஸ்மன், ஷேன் பீபர், ஹோசே பெரியோஸ், கொரியாவில் ஹன்வா ஈகிள்ஸுக்காக 17 வெற்றிகள் பெற்று ஒரேயொரு தோல்வியோடு 252 ஸ்ட்ரைக் அவுட்களைக் குவித்துவிட்டு வரும் கோடி பொன்ஸ் ஆகியோரும் இருக்கிறார்கள். இதில் இருவர் காயப்பட்டாலும் அணி நிலைகுலையாது. கடந்த பத்தாண்டில் இவ்வளவு ஆழம் கொண்ட பந்துவீச்சு வரிசையோடு இந்த அணி ஏப்ரலைத் தொடங்கியதாக எனக்கு நினைவில்லை.

ட்ரே யெசாவேஜைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2025இன் தொடக்கத்தில் டனீடனில் கீழ்மட்ட அணியில் இருந்த 22 வயது இளைஞர், ஒரே ஆண்டில் ஒவ்வொரு படியாக ஏறி, செப்டெம்பர் நடுவில் முதன்மை அணிக்கு வந்து, மூன்றே மூன்று ஆட்டங்களுக்குப் பிறகு இறுதிச் சுற்றுகளில் இறக்கப்பட்டார். உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், டொட்ஜர்ஸின் சொந்த மைதானத்தில், நான்கு தவறான பந்துகளால் ஒருவருக்கும் இலவச நடை கொடுக்காமல் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். கையை மிக உயரத்திலிருந்து இறக்கி அவர் போடும் ஸ்ப்ளிட்டர் பந்து, துடுப்பாட்டக்காரரின் கண்முன் தரையைத் தேடி விழுகிறது. இப்படிப்பட்ட ஒருவரைப் பார்க்கும்போது ரசிகனுக்கு நிதானம் போய்விடுகிறது. ஆயினும், முதல் முழுப் பருவத்தை நவம்பர் 1 வரை வீசி முடித்த இளம் தோள் அடுத்த ஆண்டில் எப்படி நடந்துகொள்ளும் என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. தொடக்க வாரங்களில் அவரைச் சற்றுப் பொத்திப் பாதுகாத்தால், அணி மேலாளர் ஜோன் ஷ்னைடரை யாரும் ஏச வேண்டாம்.

கடைசி இன்னிங்ஸ்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தரையை உரசுவது போலக் கீழிருந்து வீசும் டைலர் ரொஜர்ஸ் நல்ல சேர்க்கை. ஹொஃப்மன் சென்ற பருவத்தில் முன்னிலையை இழக்காமல் 33 ஆட்டங்களைக் காத்தார், 15 ஹோம் ரன்களையும் கொடுத்தார். ரோஹாஸின் அடி அதில் சேராது. அவரையே ஒன்பதாவது இன்னிங்ஸின் நிரந்தர உரிமையாளராக்காமல், எதிரணி வரிசையைப் பார்த்து ஆளை மாற்றுவதுதான் அறிவு.

இவ்வாண்டு ஒரு விதி மாற்றமும் நமக்குச் சற்றுப் பாதகமாகலாம். நடுவரின் ஸ்ட்ரைக் தீர்ப்பை எதிர்த்து ஒவ்வோர் அணியும் பந்தின் பாதையை அளக்கும் கருவியிடம் முறையிடலாம். இரண்டு முறை தவறினால் வாய்ப்பு முடிந்துவிடும். எல்லையில் விழும் பந்தைக் கையுறையின் நயத்தால் ஸ்ட்ரைக்காகக் காட்டுவதில் துடுப்பாட்டக்காரருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் நம் அலெஹாண்ட்ரோ கேர்க் வல்லவர். அந்த வித்தையின் மதிப்பு இனிக் கொஞ்சம் குறையும். எந்தப் பந்தை முறையிட வேண்டும் என்ற கணிப்பில் அவர் அதை ஈடுசெய்வார் என்றே எதிர்பார்க்கிறேன்.

உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் தோற்ற அணிகள் அடுத்த ஆண்டில் என்ன ஆகின்றன என்பதற்கு வரலாறு ஒரே பதிலைத் தரவில்லை. கன்சாஸ் சிற்றி றோயல்ஸ் 2014இல் ஏழாவது ஆட்டத்தின் கடைசிக் கணத்தில், சமன் செய்யும் ஓட்டத்தை மூன்றாம் தளத்தில் நிறுத்திவைத்துத் தோற்றது. 2015இல் கிண்ணத்தை வென்றது. அதுவும் ஸ்ட்ரைக் அவுட்டைத் தவிர்த்து பந்தைக் களத்தில் விளையாடிய அணிதான் என்பதும், அந்த ஆண்டு அது வீழ்த்தியவர்களில் நாமும் இருந்தோம் என்பதும் எனக்கு ஆறுதலையும் எரிச்சலையும் ஒருங்கே தருகின்றன. மறுபக்கம் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 2011இல் கிண்ணத்துக்கு ஒரே ஒரு ஸ்ட்ரைக் தூரத்தில் இரண்டு முறை நின்று தோற்றது. அடுத்த ஆண்டு 93 ஆட்டங்களை வென்றும் முதல் தடையிலேயே விழுந்தது. அதன் முதல் கிண்ணம் 2023இல்தான் வந்தது.

அவ்வளவு காத்திருக்கும் வசதி நமக்கு இல்லை. ஸ்பிரிங்கர், கௌஸ்மன், டோல்டன் வார்ஷோ, பீபர் ஆகிய நால்வரின் ஒப்பந்தங்களும் இந்தப் பருவத்தோடு முடிகின்றன. வீரர்கள் சங்கத்துக்கும் உரிமையாளர்களுக்கும் இடையிலான உடன்படிக்கையும் டிசம்பர் 1ஆம் திகதி காலாவதியாகிறது. அதன்பின் கதவடைப்பு வரும் என்றே பலரும் அஞ்சுகிறார்கள். 1992, 1993 ஆண்டுகளில் அடுத்தடுத்துக் கிண்ணம் வென்ற இந்த அணி, 1994 ஓகஸ்டில் வேலைநிறுத்தம் பருவத்தையே முடித்துவிட்ட பிறகு, 2015 வரை இறுதிச் சுற்றுகளைக் காணவில்லை. அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்கு புளூ ஜேஸ் என்றால் செப்டெம்பரில் முடிந்துவிடும் அணிதான். சென்ற ஒக்டோபரில், பதினெட்டு இன்னிங்ஸ் நீண்ட மூன்றாவது ஆட்டத்துக்காக விடிய மூன்று மணி வரை விழித்திருந்து, மறுநாள் வேலைக்கும் பள்ளிக்கும் போன வீடுகள் எத்தனை என்று நினைத்துப் பாருங்கள். அந்த ஆர்வத்தை அணி சம்பாதித்துவிட்டது; நுழைவுச்சீட்டு விலையில் அதை உடனே வசூலித்துக்கொள்ளவும் தொடங்கிவிட்டது என்பது தனிக் கதை.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். பிரிவில் யாங்கீஸ் தன் பந்துவீச்சாளர் கெரிட் கோலை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு திரும்பப் பெறும், பொஸ்டன் பந்துவீச்சை வலுப்படுத்தியிருக்கிறது, பால்ற்றிமோர் பெரிய அடிக்காரர் பீற் அலொன்சோவை எடுத்திருக்கிறது. ஆகவே 94 வெற்றிகள் மறுபடி வரா. 88க்கும் 91க்கும் இடையில் எங்கோ நின்று, பட்டமின்றி வைல்ட் கார்ட் (பிரிவில் முதலிடம் பெறாத சிறந்த அணிகளுக்கான இடம்) வழியாக இறுதிச் சுற்றுக்குள் நுழைவோம் என்று நினைக்கிறேன். ஓட்டங்கள் வறண்டு போகும் ஒரு மாதம் கட்டாயம் வரும், அது பெரும்பாலும் ஜூனாக இருக்கும். அப்போது பந்துவீச்சை மட்டும் நம்பிக் காத்திருக்காமல், ஜூலை இறுதியின் வர்த்தகக் கெடுவுக்குள் குரேரோவுக்குப் பின்னால் நிற்க ஒரு துடுப்பாட்டக்காரரை நிர்வாகம் வாங்க வேண்டும். அதற்காகக் கீழ்மட்ட அணிகளிலிருந்து ஒரு நல்ல இளம் வீரரை இழக்க நேர்ந்தாலும் நான் முறையிட மாட்டேன்.