ரெண்டாவது கிட்டார் எங்கேன்னு கேட்டவங்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாகர்கோவில்ல நம்ம பாட்டுக் கூட்டத்துல நடந்ததைப் பத்தி எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். வந்திருந்தவங்களுக்கு விஷயம் தெரியும். வராதவங்களுக்கு இன்னும் நல்லாத் தெரியும்போல, அவங்கதான் இப்ப அதிகமா பேசிட்டு இருக்காங்க.

தம்பி பாடினது இங்கிலாந்துக்காரர் ரிச்சர்ட் தாம்சனோட '1952 வின்சென்ட் பிளாக் லைட்னிங்'. அந்தப் பேர்ல இருக்குற மோட்டார் சைக்கிள், அதை வெச்சிருக்குற கள்ளன் ஜேம்ஸ், அவன் காதலி மோலி, இவங்க கதை. 1991-ல வந்த பாட்டு. ஒரு கிட்டார், ஒரு குரல், வேற ஒண்ணும் கிடையாது. நாலு கட்டமா போற கதைப்பாட்டு, மொத்தமே அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிரும். மூணாவது கட்டம் தொடங்கி, போலீஸ் சார்ஜென்ட் வந்து மோலியைக் கூப்பிடுற இடம் வந்ததும் முன்வரிசையில இருந்து ஒரு சத்தம்: "மக்களே, எங்களுக்குத் தெரிஞ்ச பாட்டு ஒண்ணு படி." எல்லாரும் சிரிச்சாங்க. தம்பி நிறுத்திட்டான்.

அதாவது, பாட்டை யாரும் முழுசா கேக்கல. இதை இந்தப் பதிவுல அஞ்சாறு தடவை சொல்லப் போறேன், சலிச்சுக்காதீங்க. பாட்டை யாரும் முழுசா கேக்கல. ஆனா அபிப்பிராயம் மட்டும் எல்லார்கிட்டயும் முழுசா இருக்கு.

முதல்ல அந்த 'டிராக்' சமாச்சாரம். "ரெண்டு கிட்டார் சத்தம் கேட்டுது, பின்னாடி ரெக்கார்டு ஓடிச்சு, பையன் சும்மா கையை ஆட்டுனான்." இதைச் சொன்னவர் கிட்டார் தெரிஞ்சவர்னு ஊருக்குள்ள பேர் வாங்கினவர். சரி, தெரிஞ்சவருக்கே தெரியலைன்னா விளக்கிச் சொல்றது நம்ம கடமை.

இந்தப் பாட்டுக்கு ஆறாவது கம்பியை ஈ-ங்கிற சுரத்துல இருந்து சி-க்கு இறக்கணும். அஞ்சாவதை ஏ-ல இருந்து ஜி-க்கு. மத்த நாலும் இருந்தபடியே. சி ஜி டி ஜி பி ஈ. கழுத்துல மூணாவது ஃப்ரெட்ல, அதாவது மூணாவது உலோகக் கட்டுல, எல்லாக் கம்பியையும் சேர்த்து அமுக்குற கிளிப், அதுதான் கேப்போ. வலது கையில பிக்கை, அதாவது கம்பி மீட்டுற சின்னத் தகட்டை, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிடிச்சு அடிக்கம்பிகளை மாத்தி மாத்தி அடிக்கணும். ஜி கார்டுக்கு, அதாவது ஜி-யை வெச்சுக் கட்டின சுரக்கூட்டுக்கு, அஞ்சாவது, நாலாவது, அஞ்சாவது, நாலாவது. சி கார்டு வந்தா ஆறாவதுக்குப் போகணும், அது இறக்கி வெச்சதால விரலே வைக்காம சி-யா ஒலிக்கும். இந்த அடி ஒரு இடத்துலயும் நிக்கக் கூடாது. அதே நேரம் நடுவிரலும் மோதிரவிரலும் மேல் கம்பிகள்ல மெட்டை எடுக்கணும், அதுவும் அடி விழுற இடத்துல இல்ல, ரெண்டு அடிக்கு நடுவுல. இடது கைக்கு அடிக்கம்பி வேலை பாதி குறைஞ்சிருச்சுல்ல? அந்த விரல்கள் மேலே மெட்டுக்குப் போகும். அதனாலதான் உங்க காதுல ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரி விழுது. வில்லுப்பாட்டுல புலவர் பாடிட்டே இருக்க, குடக்காரர் குடத்தை விடாம தட்டிட்டே இருப்பார்ல, அந்த ரெண்டு பேர் வேலையும் இங்க ஒரே கையில நடக்குது. பெருவிரல்தான் குடம்.

இதுல கெட்டுப்போற இடங்களும் உண்டு. ஆறாவது கம்பியை அவ்வளவு தூரம் இறக்கினா அதோட இழுப்பு மூணுல ஒரு பங்குக்கு மேல போயிரும். ஓங்கி அடிச்சா முதல்ல சுருதி ஏறி அப்புறம் இறங்கும், ஃப்ரெட்ல மோதிக் கரகரக்கும். இன்னொண்ணு, ரெண்டு கம்பியைத் தளர்த்தினதும் கழுத்து மேல இருக்குற பாரம் குறையும், தொடாத மத்த நாலும் கொஞ்சம் ஏறி நிக்கும். அதனால ரெண்டு தடவையாவது சுத்தி வந்து சேர்க்கணும். சி-க்கு இறக்கும்போது நேரா சி-ல நிறுத்தக் கூடாது, அதுக்கும் கீழ போயிட்டு மேல ஏத்தி நிறுத்தணும். இல்லைன்னா ரெண்டாவது வரியிலேயே நழுவிரும். கேப்போ போட்டப்புறம் மறுபடி பாக்கணும். அப்ப டியூனர் சி, ஜி காட்டாது, டி ஷார்ப், ஏ ஷார்ப், எஃப்னு காட்டும். புதுசா படிக்கிற பிள்ளைங்க அதைப் பாத்துப் பதறி எல்லாத்தையும் திருப்பி வெச்சுருவாங்க.

இப்ப சொல்லுங்க. இப்படிச் சேர்த்து வெச்ச கிட்டார்ல 'தெரிஞ்ச பாட்டு ஒண்ணு படி'ன்னா என்ன ஆகும்? வழக்கமான ஜி, சி, ஏ மைனர் எதுவுமே சரியா விழாது. தம்பி கேப்போவைக் கழட்டி, எல்லார் முன்னாடியும் நின்னு ரெண்டு கம்பியையும் மேல ஏத்த வேண்டியதாப் போச்சு. தளர்ந்து கிடந்த கம்பியை ஏத்தினா உடனே நிக்காது, இழுபடும். அதைப் பாத்து அதே முன்வரிசை என்ன சொன்னது? "சுருதி சேர்க்கவே தெரியலியே, இவன் எதுக்கு வந்தான்."

கையைக் கட்டிட்டு நீந்தலைன்னு கேக்குறது இதுதான்.

சரி, அடுத்தது. "கள்ளனைப் பெருமைப்படுத்துற பாட்டை எதுக்குப் பிள்ளைங்க முன்னாடி பாடுறது?" இதைக் கேட்டவங்க மூணு நாலு பேர். அதுல ரெண்டு பேர் வருஷா வருஷம் கோயில் கொடைக்கு வரி குடுத்து, ராத்திரி முழுக்க வில்லுக்கு முன்னாடி பாய் போட்டு உக்காந்திருக்கறவங்க. அண்ணாச்சிமாரே, தோவாளை சுந்தரம் பிள்ளை வில்லடிச்ச மாவட்டத்துல இருந்துட்டா இந்தக் கேள்வி? காத்தவராயனைக் கழுவுல ஏத்தினது எதுக்கு? மதுரை வீரனுக்கு மாறுகால் மாறுகை வாங்கினது எதுக்கு? முத்துப்பட்டன் கதையில, பிராமணப் பையன் பொம்மக்கா, திம்மக்கா மேல ஆசைப்பட்டுக் குடுமியை அறுத்து, பூணூலை அறுத்து, அவங்க அப்பா வாலப்பகடை சொன்னபடி உக்காந்து செருப்பு தைக்கிறான். கடைசியில மாடு திருட வந்தவங்களோட சண்டை போட்டுக் குத்துப்பட்டுச் சாகிறான். அவனுக்குப் படையல் போட்டுக் கும்பிடுறோம். சட்டத்துக்கும் சாதிக்கும் வெளியே போய்ச் செத்தவனைப் பாடுறதுதான் நம்ம கதைப்பாட்டு. இங்கிலாந்துலயும் அதேதான், ராபின் ஹூட்டுக்கு எத்தனை பாட்டு இருக்குன்னு தேடிப் பாருங்க. தாம்சன் அந்த மரபுல ஊறின ஆள். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவோட சேர்ந்து 1969-லயே பழைய கதைப்பாட்டுகளை எடுத்து வாசிச்சவர். குதிரைக்குப் பதிலா மோட்டார் சைக்கிளை வெச்சார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜேம்ஸ் கள்ளன்தான். பாட்டே அதைச் சொல்லுது. பதினேழு வயசுல இருந்து போலீஸோட மல்லுக்கட்டு, பல பேர்கிட்ட கொள்ளையடிச்சுத்தான் இந்த வண்டியை வாங்கினேன்னு மோதிரம் குடுக்குற அன்னிக்கே அவகிட்ட ஒளிவுமறைவில்லாம சொல்றான். இருபத்தொண்ணு வயசு, இருபத்திரெண்டைப் பாப்பேனான்னு தெரியலைங்கிறான். துப்பாக்கிக் குண்டு நெஞ்சுல பாஞ்சு சாகிறான். இதுல பெருமை எங்க இருக்கு? ஆனா அந்தச் சாவு நாலாவது கட்டத்துல வருது. நீங்க மூணாவதுலயே நிறுத்தச் சொல்லிட்டீங்க.

இப்பதான் முக்கியமான இடம். நாலு கட்டமும் ஒரே சொல்லுலதான் முடியும், வண்டி ஓட்டுறது. முதல் கட்டத்துல ரெண்டு பேரும் பாக்ஸ் ஹில்ங்கிற குன்றுக்கு ஓட்டிப் போறாங்க. ரெண்டாவதுல, விதி என் காலை இடறினா இந்த வின்சென்ட் உனக்குன்னு வாக்கு குடுக்கிறான். மூணாவதுல ஆஸ்பத்திரிப் படுக்கையில கிடந்து, தர்றேன்னு சொல்றான். நாலாவதுல தந்துட்டான். ஒரே வரி, சொல்லி, திருப்பிச் சொல்லி, செஞ்சு முடிச்சது. பாட்டுன்னா அந்த ஒரு வாக்குதான், மத்ததெல்லாம் அதைத் தாங்குற சட்டம். மூணாவதுல எழுப்பிவிட்டா வாக்கு குடுத்தவன் வாக்கு தவறினவனாத்தான் நிப்பான்.

ஒரு டீச்சர் கேட்டாங்க, பொண்ணோட தலைமுடி நிறத்தையும் வண்டியையும் சேர்த்துப் பேசுறது என்ன நாகரிகம்னு. நியாயமான கேள்வி, கேலி பண்ண மாட்டேன். சிவப்பு முடியும் கறுப்புத் தோல் சட்டையும் எனக்குப் பிடிச்ச நிறச் சேர்க்கைன்னு ஜேம்ஸ் சொல்றது வண்டிக்குப் பெயிண்ட் பாக்குறவன் பேச்சுதான். சாகும்போதும் அப்படித்தான், உலகத்துல இந்த வண்டியையும் சிவப்பு முடிக்காரியையும் மிஞ்ச ஒண்ணுமில்லைங்கிறான். ஆனா டீச்சர், முதல்ல வாயைத் திறக்கிறது மோலி. நல்ல வண்டின்னு அவதான் சொல்றா. கடைசியில சாவி அவ கையில. பின்னாடி உக்காந்து போனவ முன்னாடி வந்துட்டா. நம்ம ஊர்ல புருஷன் செத்தா வண்டி யார் வீட்டு வாசலுக்குப் போகுது? மச்சினன் எடுத்துட்டுப் போயிருவான், ஆர்சி செத்தவர் பேர்லயே கிடக்கும். முப்பது நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தகவல் குடுத்து, மூணு மாசத்துக்குள்ள படிவம் 31-ஓட இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், இன்சூரன்ஸ் எல்லாம் வெச்சா டிஎன் 74-ஓ 75-ஓ, பொண்டாட்டி பேருக்கு மாறிரும். எத்தனை வீட்ல செய்யுறாங்க? ஜேம்ஸுக்குப் படிவம் தெரியாது. சாவியையாவது குடுத்தான்.

விஷயத்தை விட்டு எங்கேயோ போறேன்னு தெரியுது. போகட்டும்.

வண்டி தெரிஞ்ச ஒருத்தர் எழுப்பின கேள்விதான் இருந்ததுலேயே உருப்படி. "பிளாக் லைட்னிங் பந்தய வண்டி. ஒத்தை சீட்டு. மோலி எங்க உக்காந்தா?" வாஸ்தவம். 998 சிசி, ரெண்டு சிலிண்டர் வி வடிவத்துல. அதே கம்பெனியோட பிளாக் ஷேடோங்கிற ரோட்டு வண்டியில இருந்து வேண்டாததையெல்லாம் கழட்டி, முடிஞ்ச இடத்துல இரும்புக்குப் பதிலா அலுமினியம் போட்டு, 458 பவுண்டு எடையை 380-க்குக் கொண்டு வந்தாங்க. இங்கிலாந்துல ஸ்டீவனேஜ் தொழிற்சாலையில செஞ்சதே முப்பதை ஒட்டித்தான் இருக்கும். 1948-ல அமெரிக்கப் பந்தயக்காரர் ரோலி ஃப்ரீ நீச்சல் நிக்கரோட வண்டி மேல குப்புறப் படுத்துட்டு மணிக்கு 150 மைல் தாண்டினது இந்த வண்டியோட முன்னோடியிலதான். 2018-ல ஒரு வண்டி லாஸ் வேகாஸ் ஏலத்துல 9,29,000 டாலருக்குப் போச்சு. அப்படிப்பட்ட வண்டியில பின்சீட்டு கிடையாது. அவளை இழுத்துப் பின்னாடி ஏத்திக்கிட்டான்னு பாட்டு சொல்லுது. இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா இந்தக் கேள்வியைக் கேட்டவர் முதல் ரெண்டு கட்டத்தையாவது ஒழுங்கா கேட்டிருக்கார் பாருங்க, அதுக்கே ஒரு சாயா வாங்கிக் குடுக்கலாம்.

"புல்லட் பாட்டு"ன்னு எழுதினவருக்குச் சாயா கிடையாது.

சாகப் போறவன் கண்ணுக்குத் தேவதூதர்கள் ஏரியல் மோட்டார் சைக்கிள்ல தோல் சட்டையோட இறங்கி வர்ற மாதிரி தெரியுது, அது விசுவாசத்தைக் கேலி பண்றதுன்னு ஒருத்தர். வாழ்நாள் முழுக்க வண்டியையே நினைச்சவனைக் கூட்டிட்டுப் போக வண்டியிலதான் வருவாங்க, வேற எதுல வருவாங்க? அதுவும் அந்த இடம் அன்னிக்குப் பாடவே படல. எங்க கேட்டார்னு அவர்தான் சொல்லணும்.

இளைஞர்களை வேகத்துக்குத் தூண்டுதுன்னு சொல்றவங்களுக்கு: அவன் எவ்வளவு வேகத்துல போனான்னு பாட்டுல ஒரு இடத்துலயும் இல்ல. அவன் வண்டியில இருந்து விழுந்தும் சாகல. ரெண்டாவது கட்டம் முடியுறப்போ ஒரு பெரியவர் எழுந்து வெளியே போனார். அவர் வீட்ல என்ன நடந்துச்சுன்னு ஊருக்குத் தெரியும். அவரைப் பத்தி ஒரு வார்த்தை எழுத மாட்டேன். அவர் போனதைக் காட்டி, "பாருங்க, பெரியவங்க மனசு புண்பட்டுது"ன்னு வாதாடுறவங்களைப் பத்தித்தான் எழுதுறேன். அவர் சத்தம் போடாமப் போனார். சத்தம் போட்டது நீங்க.

தெரிஞ்ச பாட்டுதான் வேணும்னா மொபைல் உங்க பையிலயே இருக்கு. தெரியாத பாட்டைக் கேக்கத்தானே கூட்டம் போட்டோம்? வில்லுல பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார். எதுக்கு? கதை எங்கேயும் நிக்காம நகரணும்னு. அங்க உக்காந்து நடுவுல எழுந்து, "புலவரே, அது வேண்டாம், தெரிஞ்ச கதை சொல்லு"ன்னு யாராவது சொல்லிப் பாருங்க. சாமி ஆடுறவர் வந்து பதில் சொல்லுவார்.

இனி இது தம்பிக்கு மட்டும். அன்னிக்கு ரெண்டாவது கட்டத்துல ஆறாவது கம்பி கரகரத்துச்சு, அது உனக்கே தெரிஞ்சிருக்கும். நீ போட்டிருக்கறது லைட் செட், ஆறாவது கம்பி தடிமன் 53. ஆறாவதை மட்டும் 56-ஆ மாத்து, இழுப்பு பத்துல ஒரு பங்கு கூடும், அடி தாங்கும். நட்-ல, கழுத்து முனையில கம்பி உக்காருற அந்தப் பள்ளத்துல, அந்தத் தடிமன் உக்காருதான்னு பாத்துக்கோ, இறுகினா கம்பி நழுவாது, டியூனிங் திக்கித் திக்கி ஏறும். பென்சில் கரியைக் கொஞ்சம் தடவு. கேப்போவை மூணாவது ஃப்ரெட்டை ஒட்டி வை, அன்னிக்கு நடுவுல இருந்துச்சு, அதுலதான் சுருதி ஏறினது. நம்ம கடல் காத்துக்கு, வாசிச்சு முடிச்சதும் துணியால துடைக்கலைன்னா கம்பி சீக்கிரம் செத்துரும். இன்னொரு கிட்டார் யார்கிட்டயாவது இரவல் வாங்கி வழக்கமான சுருதியில பக்கத்துல வெச்சுக்கோ. அடுத்த தடவை யாராவது தெரிஞ்ச பாட்டு கேட்டா அதை எடுத்துக்கலாம். நாலாவது கட்டம் முடிஞ்சப்புறம்.