அத்திரம்பாக்கம் கற்கோடரிகளின் வயதைச் சொன்னது கார்பன் டேட்டிங் அல்ல

"சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கோடரிகள் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை எனக் கார்பன் டேட்டிங் நிரூபித்துவிட்டது." வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தியில் வயது சரி, முறை தவறு. பெருமைப்பட வேண்டிய ஒரு கண்டுபிடிப்பை யாரும் எளிதாக மறுத்துவிட இந்த ஒரு பிழையே போதும்.

கார்பன் டேட்டிங் அளப்பது, காலப்போக்கில் சிதைந்து குறையும் கார்பன்-14 என்ற அணுவை. அது பாதியாகக் குறைய சுமார் 5,730 ஆண்டுகள் ஆகும். 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அளக்கும் அளவுக்கு மிச்சம் இருக்காது. அதுவும் கரி, எலும்பு போல உயிரிலிருந்து வந்த பொருளுக்குத்தான். இந்தக் கோடரிகள் செய்யப்பட்ட குவார்ட்சைட் கல்லுக்குப் பொருந்தவே பொருந்தாது.

தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வின் வழி வேறு. வெளியில் கிடக்கும் கல்லில் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் படும்போது, அதிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்துக்குள் பெரிலியம்-10, அலுமினியம்-26 அணுக்கள் உருவாகின்றன. ஆழமாகப் புதைந்ததும் இது ஏறக்குறைய நின்றுவிடும். அலுமினியம் வேகமாகவும் பெரிலியம் மெதுவாகவும் சிதைவதால், இரண்டின் விகிதம் புதைந்த காலத்தைக் காட்டும். இதற்காகக் கல்லை நொறுக்கிச் சலித்து, அமிலத்தில் கழுவி, சுத்தமான குவார்ட்ஸை மட்டும் பிரித்துக் கரைக்க வேண்டும். அப்புறம்தான் முடுக்கிக் கருவியில் அணுக்களை எண்ண முடியும். மண்ணடுக்குகளில் பதிந்திருந்த, பூமியின் பழைய காந்தத் திசையையும் அவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள்.

அதே இடத்தின் மேலடுக்கில் தொடங்கும் இடைப் பழங்கற்காலத்துக்கு 2018இல் சொல்லப்பட்ட சுமார் 3,85,000 ஆண்டுகளும் கார்பன் கணக்கல்ல, ஒளிர்வு முறையில் வந்தது. மண் கடைசியாக வெயில் பட்டுப் புதைந்தபின் அதன் தாதுக்களில் சேர்ந்த ஆற்றலை ஒளியாக வெளிவரச் செய்து அளப்பதுதான் இந்த முறை. அந்த மண்ணில் மறுபடி வெயில் பட்டால் சேர்ந்திருந்த அந்த ஆற்றல் அழிந்துவிடும். அதனால் மாதிரியை வெளிச்சம் படாமல் எடுத்து, மங்கிய சிவப்பு விளக்கில்தான் பிரிப்பார்கள்.